கர்ணனை நினை: பழங்கன்னடக் காவியங்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அரசனிடம் பொருள் பெற்ற கவிஞர்கள் அவனைத்தானே புகழ்ந்திருப்பார்கள்? அதில் இலக்கியம் எங்கே இருக்கிறது?

பதில்: கன்னடக் கவிஞன் பம்பனைப் பாருங்கள். இராஷ்டிரகூடர்களுக்கு அடங்கி வேமுலவாடாவிலிருந்து ஆண்ட சாளுக்கியன் இரண்டாம் அரிகேசரிதான் அவனைப் புரந்தவன். 941இல் பம்பன் பாடிய பாரதக் காவியமான ‘விக்கிரமார்ஜுன விஜய’த்தில் அருச்சுனனும் அரிகேசரியும் ஒருவரே. அரசனுக்குக் குறை வரக் கூடாதல்லவா? அதனால் திரௌபதி அருச்சுனன் ஒருவனுக்கே மனைவி. முடிவில் சுபத்திரையோடு அரியணை ஏறுபவனும் அவனே.

இவ்வளவு வளைந்து கொடுத்த கவிஞன், கர்ணன் விழுந்ததும் பாடுகிறான்: “நெனெயதிரண்ண பாரததொளின் பெறராருமனொந்தெ சித்ததிம் நெனெவொடெ கர்ணனம் நெனெய.” பாரதத்தில் வேறு எவரையும் நினையாதே, அண்ணா, ஒரே மனத்தோடு நினைப்பதானால் கர்ணனை நினை. பாரதமே ‘கர்ண ரசாயனம்’ அல்லவா என்று அந்தப் பாட்டு முடிகிறது. செவிக்கு அமுதம் என்றும் பொருள், கர்ணன் என்னும் அமுதம் என்றும் பொருள். அருச்சுனனாக வீற்றிருக்கும் அரசனின் அவையில் இதைப் பாட எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! எனக்குப் பம்பன்மேல் பித்துப் பிடித்தது இந்த இடத்தில்தான்.

கேள்வி: தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கு இது புரியுமா ஐயா?

பதில்: மேலே உள்ள வரியை வாய்விட்டுப் படியுங்கள். ‘பெறர்’ நம் ‘பிறர்’தான். ‘நெனெய’ என்பதற்கு விளக்கமே வேண்டாம். பழங்கன்னடத்தில் ழகரமும் றகரமும் இருந்தன. இன்றைய ‘ஹாலு’ அன்று ‘பால்’. ‘ஹுலி’ அன்று ‘புலி’. 13ஆம் நூற்றாண்டில் கேசிராஜன் தன் இலக்கணத்தில் ழகரச் சொற்களைத் தனியே தொகுத்துக் கொடுக்கிறான். வடமொழித் தொடர்கள் நிறைய வரும்; அங்கே உரையின் துணை வேண்டும்.

கேள்வி: அரசர்கள் மட்டும்தான் புரவலர்களா?

பதில்: இல்லை. பம்பனுக்குப் பின் வந்த கவிஞன் ரன்னன் வளையல் விற்கும் குடும்பத்தில், இன்றைய முதோளில் பிறந்தவன். அவனைக் கைதூக்கி விட்டவர்களில் சிரவணபெளகொளக் கோமடேசுவரரைச் செதுக்குவித்த கங்க அமைச்சர் சாவுண்டராயரும் உண்டு. அத்திமப்பெ என்ற பெருமாட்டியும் உண்டு. ரன்னன் 993இல் முடித்த ‘அஜித புராணம்’ அவள் ஆதரவில் எழுந்தது. பொன்னன் என்ற கவிஞனின் ‘சாந்தி புராண’த்தை அவள் 1,000 படிகள் எடுக்கச் செய்து வழங்கினாள். ஒவ்வோர் ஓலையிலும் எழுத்தாணியால் கீறி, மை தடவி, துளையிட்டுக் கட்ட வேண்டிய காலம் அது! அச்சகம் வைத்து நடத்துவதைவிடப் பெரிய வேலை.

கேள்வி: தமிழோடு கொடுக்கல் வாங்கல் உண்டா?

பதில்: உண்டு, இரு திசையிலும். கன்னடக் கவிஞன் ஹரிஹரன் நம் நாயன்மார்களை ‘ரகளை’ என்னும் கன்னடப் பா வகையில் பாடினான்; அவனது ‘நம்பியண்ணன்’ வேறு யாருமல்ல, சுந்தரர். சாமரசன் 15ஆம் நூற்றாண்டில் பாடிய ‘பிரபுலிங்க லீலெ’யைத் துறைமங்கலம் சிவப்பிரகாசர் தமிழாக்கினார்.

கேள்வி: ஒரே ஒரு பகுதியைப் படிப்பதென்றால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: ரன்னனின் ‘கதாயுத்தம்’, துரியோதனன் களத்தில் நடந்துபோகும் பகுதி. அதில் ரன்னனின் புரவலனான சாளுக்கியன் சத்யாசிரயனும் பீமனும் ஒருவரே, புகழெல்லாம் பீமனுக்கே. ஆனால் பிணங்களுக்கு நடுவே துரோணர், துச்சாதனன், கர்ணன் என ஒவ்வொருவராக அடையாளம் கண்டு நடப்பவன் துரியோதனன். படிப்பவர் மனமும் அவன் பின்னாலேயே போகிறது. தம்பியின் உடலருகே நின்று புலம்புகிறான்: தாய்ப்பால் நான் குடித்த பிறகுதான் நீ குடித்தாய், எல்லாவற்றிலும் எனக்குப் பின்னே வந்தாய், சாவதில் மட்டும் ஏன் முறை தவறி முந்திக்கொண்டாய்?