8 மில்லிமீட்டர் முடிச்சுக்கு எந்த ஸ்கேன்?

கேள்வி: எனக்கு 54 வயது. ஹெபடைட்டிஸ் பி தொற்றால் கல்லீரல் சுருக்கம் வந்து, தொடர்ந்து மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் அல்ட்ராசவுண்டில் இந்த முறை 8 மி.மீ. அளவில் ஒரு முடிச்சு தெரிகிறதாம். கல்லீரல் புற்றுநோய்க்காக எடுக்கும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை இயல்பாக இருக்கிறது. ‘மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம்’ என்கிறார் மருத்துவர். புற்றுநோய் செல்லைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கும் புதிய மூலக்கூறு ஸ்கேன் வந்திருக்கிறது என்கிறாள் என் மகள். மூன்று மாதம் சும்மா இருப்பதற்குப் பதில் அதை எடுத்துப் பார்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் மருத்துவர் சொன்னபடியே செய்யுங்கள். மூன்று மாதம் என்று அவர் சொன்னது அலட்சியத்தால் அல்ல. சுருங்கிய கல்லீரலில் 1 செ.மீ.க்குக் குறைவாகத் தெரியும் முடிச்சுகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. தழும்பேறிய கல்லீரல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முயலும்போது ஆங்காங்கே முண்டுவதுதான். புற்றுநோயாகவே இருந்தாலும் அது இரட்டிப்பாகப் பொதுவாகச் சில மாதங்கள் ஆகும். மூன்று மாதத்தில் கைமீறிப் போவது அரிது. ஆனால் வளர்கிறதா, அப்படியே கிடக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

உங்கள் மகள் சொன்னதில் தவறில்லை. கிளைபிகன்-3 என்று ஒரு புரதம் உண்டு. கருவில் இருக்கும்போது கல்லீரலில் இருக்கும். பிறந்த பிறகு மறைந்துவிடும். கல்லீரல் புற்றுநோய் வந்தால், முக்கால்வாசிப் பேருக்கு அது மறுபடி செல்லின் மேல்பரப்பில் தலைகாட்டும். அதை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தையோ (ஆன்டிபாடி) பெப்டைடு எனும் சிறு புரதத் துண்டையோ தயாரித்து, அதில் கொஞ்சம் கதிரியக்கத் தனிமத்தை ஏற்றி ஊசியாகப் போட்டு, பெட் ஸ்கேனில் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் முறை. இதேபோல் புராஸ்டேட் புற்றுநோய்க்காக வந்த பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனையும் கல்லீரலில் முயன்று பார்க்கிறார்கள். கல்லீரல் கட்டிக்குள் புதிதாக முளைக்கும் ரத்தக் குழாய்களிலும் பி.எஸ்.எம்.ஏ. என்ற அந்தப் புரதம் இருப்பதுதான் காரணம்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. சிக்கல் கல்லீரலிலேயே இருக்கிறது. உடலில் புதிதாக எது நுழைந்தாலும் பிடித்து வைத்துச் சிதைப்பது அதன் வேலை. ஊசியில் போன எதிர்ப்புரதத்தையும் அப்படித்தான் பிடித்துக்கொள்ளும். ஆகவே கட்டி மட்டுமல்ல, கல்லீரல் முழுவதுமே ஓரளவு மினுங்கும். அந்த வெளிச்சம் அடங்கச் சில நாட்கள் காத்திருக்க வேண்டும் என்பதால், கதிரியக்கம் பாதியாகக் குறைய 78 மணி நேரம் எடுக்கும் சிர்கோனியம்-89 போன்றவற்றை ஏற்றுகிறார்கள். பெப்டைடு என்றால் சீக்கிரம் முடிந்துவிடும். 68 நிமிடத்தில் பாதியாகும் கேலியம்-68 போதும். ஆனால் பெட் கருவி தெளிவாகப் பிரித்துக் காட்டுவதே சுமார் 4, 5 மி.மீ. வரைதான். மூச்சு விடும்போது கல்லீரல் வேறு மேலும் கீழும் நகரும். உங்களுடைய 8 மி.மீ. அந்த எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. போதாததற்கு, ஆரம்பநிலைக் கட்டிகளில் கிளைபிகன்-3 குறைவாகவே இருக்கும். நமக்கு எங்கே வேண்டுமோ அங்கேதான் இந்த ஸ்கேன் வலுவிழக்கிறது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ‘புற்றுநோய் இல்லை’ என்று எந்த மருத்துவரும் எழுதித் தர முடியாது. இந்த ஸ்கேன் இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது.

சர்க்கரை மருந்து ஏற்றி எடுக்கும் வழக்கமான பெட் ஸ்கேனையாவது எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதுவும் வேண்டாம். உள்ளே போன சர்க்கரையைத் திருப்பி வெளியே அனுப்பும் நொதி கல்லீரல் செல்லில் உண்டு. அதிகம் மாறிப்போகாத சிறிய கட்டிகளிலும் அது வேலை செய்வதால் அவை ஒளிராமலே இருந்துவிடும்.

இப்போதைக்கு நம்பத்தக்கது, படம் தெளிவாகத் தெரிய மருந்து ஏற்றி எடுக்கும் கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ.தான். நல்ல கல்லீரலுக்கு ரத்தம் பெரும்பாலும் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வரும். புற்றுநோய்க் கட்டியோ தமனி ரத்தத்தில் வளரும். அதனால் மருந்து ஏறிய அரை நிமிடத்துக்குப் பின் எடுக்கும் படத்தில் கட்டி பளிச்சென்று வெளுக்கும். ஓரிரு நிமிடத்தில் சுற்றியுள்ளதைவிடக் கருத்துவிடும். கேடாக்செட்டேட் என்ற மருந்து போட்டால் இன்னொன்றும் கிடைக்கும். அதை ஆரோக்கியமான கல்லீரல் செல் உறிஞ்சிக்கொள்ளும். புற்றுநோய் செல் பெரும்பாலும் உறிஞ்சாது. 20 நிமிடம் கழித்து எடுத்த படத்தில் கல்லீரல் வெள்ளையாகவும் கட்டி கரும்புள்ளியாகவும் நிற்கும். யோசித்தால் இதுவும் செல்லின் குணத்தைப் படமெடுப்பதுதான். பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது, அவ்வளவுதான். சுருக்கம் முற்றிய கல்லீரலில் இந்தப் படமும் மங்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சரி, அடுத்த மூன்று மாதத்துக்கு என்ன செய்வது? அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டை எடுத்து, ‘கல்லீரலின் மேல்பகுதி சரியாகத் தெரியவில்லை’ என்பது போல ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். உடல் பருமன், குடல் வாயு, விலா எலும்பு எல்லாம் மறைக்கும். யாரும் பெரிதாகக் கவனிக்காத வரி அது. இருந்தால் மருத்துவரிடம் காட்டி, காத்திருக்காமல் இப்போதே எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேளுங்கள்; அதில் நியாயம் இருக்கிறது. மற்றபடி முடிச்சு 1 செ.மீ.யைத் தொட்டாலோ வளர்ந்திருந்தாலோ எம்.ஆர்.ஐ. அல்லது பல கட்ட சி.டி. எடுத்தாக வேண்டும். முடிந்தவரை அதே இடத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். பழைய படங்களையும் கொண்டுபோங்கள்.

ஏ.எஃப்.பி. இயல்பு என்பதை வைத்து மட்டும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சிறிய கட்டிகள் பலவற்றில் அது ஏறுவதே இல்லை. இயல்பு அளவுக்குள்ளேயே ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனால் அதைக் கவனிக்க வேண்டும். அப்புறம், ஹெபடைட்டிஸ் மாத்திரையை ஒருநாளும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எம்.ஆர்.ஐ.க்குப் போகும்போது சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ உடலில் உலோகக் கருவி பொருத்தியிருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒருவேளை புற்றுநோய்தான் என்று தெரிந்தாலும், ஒரே கட்டியாக, 2 செ.மீ.க்குள் இருக்கும்போது ஊசி செலுத்திச் சுட்டோ அறுவை செய்தோ முழுவதுமாக அகற்றும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் எடை வேகமாகக் குறைந்தாலோ, வயிறு உப்பினாலோ, கண் மஞ்சளித்தாலோ தேதி வரும்வரை இருக்க வேண்டாம். உடனே போய்ப் பாருங்கள்.