டிராவில் எண் இல்லாத பெயர்களைப் பாருங்கள்

கேள்வி: பெண்கள் டென்னிஸை விரும்பிப் பார்ப்பேன். ஆனால் ஒரு நாளைக்கு ஓர் ஆட்டத்துக்கு மேல் நேரம் கிடைப்பதில்லை. டிரா, அதாவது யார் யாரோடு மோதுவார் என்ற பட்டியல், வெளியானதும் முன்னணி வீராங்கனைகளின் ஆட்டங்களாகக் குறித்து வைத்துப் பார்க்கிறேன்; பாதிக்கு மேல் ஒருதலைப்பட்சமாக முடிந்துவிடுகின்றன. நல்ல ஆட்டத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா? பெயருக்குப் பக்கத்தில் கியூ, டபிள்யூசி, பிஆர், எல்எல் என்று போடுகிறார்களே, அவை எதைக் குறிக்கின்றன? தகுதிச்சுற்றில் தோற்ற ஒருவர் பிரதான சுற்றில் ஆடியதையும் பார்த்தேன். அது எப்படி?

பதில்: முதல் சில நாட்களில் பெரிய பெயர்களைத் தேடிப் போனால் ஒருதலை ஆட்டங்கள்தான் அதிகம் கிடைக்கும். டிரா அமைக்கப்படும் விதமே அப்படி. போட்டித் தரவரிசையில் முதலிடம் பெற்றவர் பட்டியலின் உச்சியில், இரண்டாமிடம் பெற்றவர் அடியில். மூன்றும் நான்கும் ஆளுக்கொரு பாதியில். 128 பேர் ஆடும் கிராண்ட்ஸ்லாமில் 32 பேருக்கு மட்டும் இந்தப் போட்டித் தரவரிசை எண் தரப்படுகிறது; டிராவில் பெயருக்குப் பக்கத்தில் அது இருக்கும். அந்த 32 பேரில் எந்த இருவரும் மூன்றாவது சுற்றுக்கு முன்னால் மோத முடியாது. எனவே தொடக்கத்தில் எண் போட்ட பெயரை விட்டுவிட்டு, அவருக்கு எதிரே நிற்கும் எண் இல்லாத பெயரைப் பாருங்கள். நீங்கள் கேட்ட எழுத்துகள் உதவிக்கு வருவது அங்கேதான்.

உலகத் தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களின் கணக்கு. போதாததற்கு, நேரடியாக இடம் பெறுவோரின் பட்டியலைப் போட்டிக்குப் பல வாரங்கள் முன்பே முடித்துவிடுகிறார்கள். கிராண்ட்ஸ்லாமில் சுமார் ஆறு வாரங்கள். ஆகவே இன்றைக்கு யார் நன்றாக ஆடுகிறார் என்பதைத் தரவரிசை சொல்லாது. பெயருக்குப் பக்கத்தில் உள்ள எழுத்து ஓரளவு சொல்லும்.

கியூ என்றால் தகுதிச்சுற்றில் வென்று வந்தவர். கிராண்ட்ஸ்லாமில் 104 பேர் நேரடியாகவும், 8 பேர் வைல்டு கார்டிலும், 16 பேர் தகுதிச்சுற்று வழியாகவும் வருகிறார்கள். அந்த 16 பேரும் ஆளுக்கு மூன்று ஆட்டங்கள் வென்றவர்கள். அந்த ஊர்க் காற்று, பந்து எழும்பும் உயரம், கோர்ட்டின் வேகம் எல்லாம் அவர்களுக்குப் பழகியிருக்கும். எதிரே இருப்பவருக்கு அதுதான் முதல் ஆட்டம். 2021 அமெரிக்க ஓபனுக்கு எம்மா ரடுகானு வந்தபோது உலகத் தரவரிசையில் 150ஆம் இடத்தில் இருந்தார். தகுதிச்சுற்றில் 3, பிரதான சுற்றில் 7 என 10 ஆட்டங்களையும் ஒரு செட்கூட இழக்காமல் வென்று கோப்பையைத் தூக்கினார். அதே ஆண்டு விம்பிள்டனில் நான்காவது சுற்று வரை போனவர் அவர். அதைக் கவனித்தவர்களுக்கு முதல் சில வெற்றிகளாவது பெரிய வியப்பாக இருந்திருக்காது.

டபிள்யூசி, அதாவது வைல்டு கார்டு, போட்டி அமைப்பாளர்கள் தங்கள் விருப்பப்படி தரும் இடம். பெரும்பாலும் உள்நாட்டு இளம் வீராங்கனைகளுக்குப் போகும். அவர்களில் பலர் முதல் சுற்றிலேயே வெளியேறுவார்கள். 2025 பிரெஞ்சு ஓபனில் உலகத் தரவரிசையின் 361ஆம் இடத்திலிருந்து அரையிறுதி வரை போன லோயிஸ் புவாசோன் அபூர்வமான விதிவிலக்கு. இன்னொரு வகை உண்டு: ஓய்விலிருந்தோ பிரசவத்துக்குப் பிறகோ திரும்பி வரும் பழைய முன்னணி ஆட்டக்காரர். 2009 அமெரிக்க ஓபனில் உலகத் தரவரிசையில் இடமே இல்லாமல் வந்து பட்டம் வென்ற கிம் கிளைஸ்டர்ஸ், 2023 விம்பிள்டனில் இகா ஷ்வியான்டெக்கை வீழ்த்தி அரையிறுதிக்குப் போன எலினா ஸ்விட்டோலினா இருவரும் இந்த வகை. வைல்டு கார்டைப் பார்த்ததும் அவர் இதில் எந்த வகை என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், நீங்கள் முதலில் தேட வேண்டியது பிஆர், அதாவது பாதுகாக்கப்பட்ட தரவரிசை. சில பட்டியல்களில் எஸ்ஆர் (சிறப்புத் தரவரிசை) என்று இருக்கும். காயத்தாலோ மகப்பேற்றாலோ நீண்ட காலம் ஆடாமல் இருந்தவர், தம் பழைய தரவரிசையைக் காட்டி உள்ளே வர இந்தச் சலுகை உதவுகிறது. 2018 டிசம்பரில் பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏ இந்த விதியைத் திருத்தியது. தாயானவர்கள் குழந்தை பிறந்ததிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் 12 போட்டிகளில் இதைப் பயன்படுத்தலாம். அந்தத் திருத்தத்துக்குப் பெரிய தூண்டுதல் செரீனா வில்லியம்ஸின் அந்த ஆண்டு அனுபவம். மகப்பேற்றுக்குப் பிறகு திரும்பிய அவர், பிரெஞ்சு ஓபனில் உலகத் தரவரிசையில் 451ஆம் இடத்தில், போட்டித் தரவரிசை எண் இல்லாமல் ஆடினார். அடுத்து வந்த விம்பிள்டனில் 25ஆம் எண் கொடுத்தார்கள்; இறுதிப் போட்டி வரை போனார். இப்படி ஓர் ஆட்டக்காரர் எண் இல்லாமல் டிராவில் உட்கார்ந்திருந்தால், அவரோடு மோதுபவர் யாராக இருந்தாலும் அந்த ஆட்டத்தைத் தவற விடாதீர்கள்.

தகுதிச்சுற்றில் தோற்றவர் ஆடியது எப்படி என்று கேட்டீர்கள். எல்எல், அதாவது லக்கி லூசர், அதுதான். பிரதான சுற்றில் இருந்து யாராவது கடைசி நேரத்தில் விலகினால், தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களில் ஒருவருக்கு அந்த இடம் போகும். தரவரிசையில் மேலே உள்ள சிலருக்குள் குலுக்கல் நடத்தி வரிசையை முடிவு செய்கிறார்கள். ‘எப்படியும் இடம் உறுதி, தோற்றாலும் பரவாயில்லை’ என்று யாரும் ஏனோதானோவென்று ஆடிவிடக் கூடாது என்பதற்குத்தான் இந்தக் குலுக்கல். கோகோ காஃப் 2019இல் லின்ஸ் நகரப் போட்டியின் தகுதிச்சுற்றில் தமாரா கோர்பாட்ஷிடம் தோற்றார். மரியா சக்காரி விலகியதால் உள்ளே வந்தார். காலிறுதியில் கிகி பெர்டென்ஸை வென்றார்; இறுதியில் யெலேனா ஓஸ்டபென்கோவை வென்று 15 வயதில் தம் முதல் பட்டத்தைப் பெற்றார்.

லக்கி லூசருக்குக் கூடுதலாக ஒரு வசதியும் உண்டு. முதல் நாள் ஆட்ட அட்டவணை வெளியாவதற்கு முன்பு முன்னணி வீராங்கனை ஒருவர் விலகினால், மற்ற எண்காரர்களை நகர்த்தி டிராவைச் சரிசெய்வார்கள். அதன் பிறகு விலகினால் நகர்த்துவதில்லை. லக்கி லூசர் நேரே அவர் இடத்தில் போய் உட்காருவார். 2025 ஆஸ்திரேலிய ஓபனில் 13ஆம் எண் பெற்ற அன்னா கலின்ஸ்கயா உடல்நலமின்றி விலக, எவா லீஸ் ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது அழைக்கப்பட்டார். மூன்று ஆட்டங்கள் வென்று, நான்காவது சுற்றில்தான் ஷ்வியான்டெக்கிடம் தோற்றார். இப்படி ஓர் எண் காலியான பகுதியில் மிச்சம் இருக்கும் எல்லோருக்கும் வாய்ப்பு திறந்துவிடும். அங்கே நடக்கும் மூன்றாவது சுற்று ஆட்டத்தில் பெரிய பெயர்கள் இல்லாமல் போகலாம், ஆனால் விடாப்பிடியான ஆட்டத்துக்குக் குறைவிருக்காது.

இண்டியன் வெல்ஸ், மயாமி போல 96 பேர் ஆடும் போட்டிகளில் 32 எண்காரர்களும் முதல் சுற்றில் ஆடாமலே இரண்டாவது சுற்றுக்குப் போகிறார்கள். இதற்கு ‘பை’ என்று பெயர். அவர்களை எதிர்கொள்பவர் அதற்குள் ஓர் ஆட்டம் வென்று சூடாகியிருப்பார். தகுதிச்சுற்றில் இருந்து வந்தவராக இருந்தால் மூன்று ஆட்டங்கள் வென்றிருப்பார். பை பெற்றவர் அங்கே தோற்றால், முதல் சுற்றில் தோற்றவருக்கு உள்ள புள்ளிகள் மட்டுமே கிடைக்கும். ஆகவே அந்த வாரத்தில் ஒரே ஓர் ஆட்டம்தான் பார்க்க முடியும் என்றால், பை பெற்ற வீராங்கனை ஒரு கியூவையோ பிஆரையோ சந்திக்கும் இரண்டாவது சுற்று ஆட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டிரா வந்த அன்றே நாட்காட்டியை நிரப்பிவிட வேண்டாம். விலகல்களால் எதிராளி மாறலாம், எதிராளி ஆட வராததால் கிடைக்கும் வெற்றியான வாக் ஓவரில் ஆட்டமே நடக்காமலும் போகலாம். முந்தின நாள் மாலை வெளியாகும் ஆட்ட அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காலிறுதி தொடங்கிவிட்டால் இந்த எழுத்துகளை மறந்துவிடலாம். அதற்குள் யார் எப்படி ஆடுகிறார் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.