பட்டறை வாசல்: பழைய லேத்து பற்றிய வாசகர் கேள்விகள்

வீட்டில் பழைய லேத்து (கடைசல் இயந்திரம்) வைத்திருப்பவர்கள் அனுப்பிய கடிதங்களுள் ஆறுக்கு இந்த இதழில் விடை எழுதியிருக்கிறேன். முதல் கடிதம் பலருடைய நிலையையும் ஒத்திருப்பதால் அதற்கு மட்டும் சற்று விரிவான விடை.

கேள்வி: எங்கள் தந்தையார் கணபதியில் பட்டறை நடத்தியபோது வாங்கிய நாலரை அடி லேத்து, அவர் மறைந்தபின் 12 ஆண்டுகளாகத் தகரக் கொட்டகையில் கிடக்கிறது. பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை. ஓய்வு நேரத்தில் சிறு வேலைகள் செய்வதற்காகச் சரிசெய்ய விரும்புகிறேன். பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் பெட்டை (மற்றப் பாகங்களைத் தாங்கும் நீண்ட அடித்தளத்தை) மேற்பரப்பைத் தேய்த்துச் சமமாக்கும் கிரைண்டிங்குக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அது சரியா? (வாசகர், கோவை)

பதில்: கிரைண்டிங்குக்கு வருவதற்குமுன், செய்யக் கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசையில் மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் காலத்து லேத்துகள் பலவற்றில் ஸ்பிண்டில் (பொருளைச் சுழற்றும் தண்டு) சுழல்வது பால் பேரிங்கில் அல்ல, கன்மெட்டல் புஷ்ஷில் (வெண்கல வகை உறையில்). 12 ஆண்டுகள் அசையாமல் கிடந்த எண்ணெய் அந்தப் புஷ்ஷுக்குள் அரக்குப்போல் இறுகியிருக்கும். எண்ணெய்த் துளைகளைத் தூசியும், தகரக் கொட்டகை என்பதால் குளவி கட்டிய மண்ணும் அடைத்திருக்கும். ஒவ்வொரு துளையையும் கம்பியால் குத்தி, உதிரும் மண்ணைத் துணியில் ஏந்தி வெளியே எடுத்தபின், சிறிது டீசல் கலந்த மெல்லிய எண்ணெயை ஊற்றி இரண்டு நாள் விட்டுவைத்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பாருங்கள். வெளியே வழியும் எண்ணெய் முதலில் கறுப்பாகவும் பிறகு பழுப்பாகவும் வந்து, கடைசியில் ஊற்றிய நிறத்திலேயே வரும்வரை இதைத் தொடர வேண்டும்.

இனிக் கிரைண்டிங். பெட் தேய்ந்திருப்பது உண்மையாகத்தான் இருக்கும். பட்டறையில் பெரும்பாலான வேலை பொருளைக் கவ்விப் பிடிக்கும் சக்குக்கு அருகிலேயே நடப்பதால், ஸ்பிண்டில் இருக்கும் பெட்டியான ஹெட்ஸ்டாக்கை ஒட்டிய ஓரடி நீளம்தான் அதிகம் தேயும். எதிர்ப்புறம், நீண்ட பொருளின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் முனையில் விரல் நகத்தை வைத்துப் பெட்டின் குறுக்கே இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஹெட்ஸ்டாக் அருகே இழுத்தால், வெட்டும் கருவியான டூலைத் தாங்கி நகரும் சேடில் ஓடும் தடத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் படியில் நகம் தட்டும். இன்னொரு சோதனையும் உண்டு. சேடிலைச் சக்குக்கு அருகே நிறுத்தி, ஆட்டமில்லாதபடி அதன் அடிப்பட்டைகளை இறுக்கிவிட்டு, டெயில்ஸ்டாக் பக்கமாக நகர்த்துங்கள். எந்த இடத்தில் அது இறுகி நிற்கிறதோ, தேய்மானம் அங்கே முடிகிறது.

ஆனால் அந்தத் தேய்மானம் வேலையை எவ்வளவு கெடுக்கிறது என்று கணக்குப் போடாமலே கிரைண்டிங்குக்கு அனுப்பச் சொல்வதுதான் எனக்கு உடன்பாடில்லாதது. சேடில் 0.1 மி.மீ. கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். டூலின் முனையும் மையத்திலிருந்து அவ்வளவே இறங்கும். அப்போது 25 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட்டில் ஏற்படும் வேறுபாடு 0.001 மி.மீ. அளவுகூட இல்லை. டூல் பொருளைத் தொடும் இடத்தில் வட்டத்தின் விளிம்பு ஏறக்குறையச் செங்குத்தாக நிற்பதால், மேலும் கீழுமான அசைவு விட்டத்தில் அநேகமாகத் தெரியாது. தொல்லை தருவது பக்கவாட்டு அசைவு. முன்பக்கத் தடம் பின்பக்கத்தைவிட அதிகம் தேய்ந்து சேடில் முன்னால் சாய்ந்தால், டூல் எத்தனை விலகுகிறதோ அதன் இருமடங்கு விட்டத்தில் சேரும். எனவே ஒரு தடித்த துண்டைக் கடைந்து, மைக்ரோமீட்டர் வைத்து அளந்து பார்த்தபிறகே முடிவுக்கு வர வேண்டும்.

கிரைண்டிங் செய்தாலும் கதை அத்துடன் முடிவதில்லை. பெட்டில் 0.3 மி.மீ. எடுத்தால் சேடிலும் அதில் தொங்கும் ஏப்ரனும் குறைந்தது அந்த அளவு இறங்கும். மரை வெட்டும்போது சேடிலை நகர்த்தும் நீண்ட திருகான லீட் ஸ்குரூவோ பழைய உயரத்திலேயே நிற்கும். அந்தத் திருகைக் கவ்வும் ஹாஃப் நட்டைப் போடும்போதெல்லாம் அது ஸ்குரூவைக் கீழே வளைத்து இழுக்கும். ஹெட்ஸ்டாக் உட்காரும் இடத்தைத் தொடாமல் விட்டிருந்தால், டெயில்ஸ்டாக்கின் மையமும் ஸ்பிண்டிலின் மையத்துக்குக் கீழே போய்விடும். இவற்றையெல்லாம் மீண்டும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவர ஸ்கிரேப்பிங் (இரும்பைக் கையால் நுணுக்கமாகச் சுரண்டி மட்டமாக்குவது) தெரிந்த கை வேண்டும். அதற்கு ஆகும் செலவில் ஓடும் நிலையிலுள்ள இன்னொரு பழைய லேத்தை வாங்கிவிடலாம். புஷ், ஸ்பேசர், சிறு புல்லி கடைவதற்கு உங்கள் லேத்தைச் சுத்தம் செய்து, எண்ணெயிட்டு, மட்டம் பார்த்து, கிப்புகளை (நகரும் பாகங்களின் ஆட்டத்தைக் குறைக்கும் பட்டைகளை) சரிசெய்தாலே போதும் என்பது என் கணிப்பு.

கேள்வி: பெட்டிலும் சிறு பாகங்களிலும் துரு ஏறியிருக்கிறது. பித்தளைக்குப் போடுவதுபோல் புளிக் கரைசல் போடலாமா, உப்புத்தாளால் தேய்ப்பதா? (வாசகி, மதுரை)

பதில்: பெட்டுக்கு இரண்டும் வேண்டாம். உப்புத்தாள் தேய்க்கும்போது உதிரும் கடினத் துகள் எண்ணெயோடு சேர்ந்து சேடிலுக்கு அடியில் புகுந்தால், பிறகு ஒவ்வொரு ஓட்டத்திலும் அது தேய்த்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, புதிய சவர பிளேடு ஒன்றை ஏறக்குறையப் படுக்கையாகப் பிடித்துத் தள்ளினால், துரு மட்டும் செம்பழுப்புக் குழம்பாகத் திரண்டு வந்துவிடும், அடியிலுள்ள இரும்பில் பிளேடு கடிக்காது. அதன்பின் மிக மெல்லிய ஸ்டீல் வுல்லை எண்ணெயில் நனைத்துத் தடவினால் போதும். கரும்புள்ளிகள் மிஞ்சும்; அவை குழிகள்தாம், எண்ணெய் தங்குவதற்கு உதவுமே தவிர வேலையைக் கெடுக்காது.

கைப்பிடி, போல்ட்டு, மாற்றுக் கியர் போன்ற சிறு பாகங்களுக்குப் புளி நல்லதே, அதிலுள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைத்துவிடும். ஒரு இரவுக்கு மேல் ஊறவைக்காமல் எடுத்து, பிரஷ்ஷால் தேய்த்து, சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் அலசி, சூடு ஆறுமுன் துடைத்து எண்ணெய் பூசிவிடுங்கள். பத்து நிமிடம் தாமதித்தாலும் மஞ்சள் துரு மீண்டும் படரும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரையும் சலவைச் சோடாக் கரைசலையும் கொண்டு மின்பகுப்பு முறையில் நீக்குவோர், துருப்பிடித்த பாகத்தை எதிர்முனையிலும் வீணான மைல்டு ஸ்டீல் தகட்டை நேர்முனையிலும் இணைக்க வேண்டும். நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்தால் நச்சுத்தன்மை வாய்ந்த குரோமியச் சேர்மம் கரைசலில் இறங்கும். ஹைட்ரஜனும் வெளிப்படுவதால் திறந்த வெளியில் மட்டுமே செய்யுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்த்துப் பொடி கிளப்பாதீர்கள்.

கேள்வி: சக்கில் மட்டும் பிடித்து 150 மி.மீ. நீளம் கடைந்தால், வெளிமுனை 0.08 மி.மீ. பெரிதாக வருகிறது. டெயில்ஸ்டாக்கை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தும் இந்த டேப்பர் (விட்டச் சரிவு) போகவில்லை. (வாசகர், திருச்சி)

பதில்: சக்கில் மட்டும் பிடித்த பொருளை டெயில்ஸ்டாக் தொடுவதே இல்லை, அதை எங்கே நகர்த்தினாலும் இந்த டேப்பர் மாறாது. நகர்த்தியதை முதலில் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கடைந்த துண்டு மெலிதாக இருந்தால் அது டூலின் அழுத்தத்தில் வளைந்து விலகி, வெளிமுனை பெரிதாகும். ஆகவே 40 மி.மீ. தடிமனுள்ள கம்பியை எடுத்து, சக்குப் பக்கத்திலும் வெளிமுனையிலும் ஒவ்வொரு காலரை (தடித்த வளையத்தை) விட்டு நடுப்பகுதியைச் சற்றுக் குறைத்துவிட்டு, கூரிய டூலால் இரண்டு காலரையும் ஒரே அமைப்பில் மிக மெல்லியதாகக் கடைந்து அளந்து பாருங்கள். அப்போதும் வெளிமுனை பெரிதாக வந்தால், பெட் முறுக்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். வார்ப்பிரும்பு அசையாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நான்கு கால்களில் ஒன்று தரையில் சரியாக உட்காராதபோது போல்ட்டை இறுக்கினால் பெட் ஈரத்துணிபோல முறுகும், அளவுதான் கண்ணுக்குத் தெரியாது.

மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் மட்டக்கோலை யாரிடமாவது இரவல் வாங்கி, பெட்டின் குறுக்கே ஹெட்ஸ்டாக் அருகிலும் டெயில்ஸ்டாக் அருகிலும் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் குமிழி ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்பதே முக்கியம். உங்கள் லேத்தில் வெளிமுனை பெரிதாக இருப்பதால், டெயில்ஸ்டாக் பக்கத்தில் நீங்கள் நிற்கும் புறத்துக் காலின்கீழ் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து உயர்த்துங்கள். அந்தக் கால் உயர உயர, டூல் அந்த முனையில் உங்களைவிட்டு விலகிப் பொருளை நோக்கிச் சாயும், விட்டம் குறையும். சோதனைக்குக் குளிர்பானத் தகரக் குவளையிலிருந்து வெட்டிய துண்டு போதும், அது சுமார் 0.1 மி.மீ. இருக்கும். அளவு பிடிபட்டபின் பித்தளை ஷிம்மை வைத்து போல்ட்டுகளை நிதானமாக இறுக்கி, சில வாரங்கள் கழித்து ஒருமுறை மட்டம் பாருங்கள்.

கேள்வி: என் லேத்தில் 1 எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டார் இருக்கிறது. வீட்டில் ஒற்றை ஃபேஸ் இணைப்புதான். வி.எஃப்.டி. (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வைத்து ஓட்டலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: தாராளமாக ஓட்டலாம். ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட்டை உள்வாங்கும் வி.எஃப்.டி. வெளியே கொடுப்பது மூன்று ஃபேஸ் 230 வோல்ட். உங்கள் மோட்டாரோ 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் இருக்கக்கூடும். மோட்டார்ச் சுருள்களின் ஆறு முனைகளும் வெளியே இருந்தால் 230 வோல்ட்டுக்கு ஏற்ற டெல்டா இணைப்புக்கு மாற்றிவிடலாம், இல்லையென்றால் வைண்டிங் தெரிந்தவரிடம் கொடுத்து முனைகளைப் பிரித்தெடுக்க வேண்டும். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் பழைய சுவிட்சை விட்டுவைக்காதீர்கள். ஓடும்போது அதை அணைத்தால் வி.எஃப்.டி. பழுதாகலாம். வேகத்தை மிகவும் குறைத்து ஓட்டினால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றிச் சூடேறும், முறுக்கு வலுவும் அதிகமாகாது. மெதுவான வேலைக்கு, வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டும் பேக் கியர் இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள். சக்கு மரையில் ஏறும் வகை என்றால், சட்டென்று நிறுத்தும் பிரேக் வசதியை அணைத்து வையுங்கள். ஸ்பிண்டில் நின்றபின்னும் சக்கு சுழன்றுகொண்டே மரையிலிருந்து கழன்று வரும்.

கேள்வி: இங்கே பழைய மைஃபோர்டு எம்.எல்.7 லேத்து ஒன்று வாங்கினேன். ஹெட்ஸ்டாக்கிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. சீல் மாற்ற வேண்டுமா? அதில் 1.5 மி.மீ. பிட்ச் (இரு மரைகளுக்கு இடையிலான தூரம்) கொண்ட மரை வெட்ட முடியுமா? (வாசகர், லண்டன்)

பதில்: மாற்றுவதற்கு அங்கே சீலே கிடையாது. 1946இல் இங்கிலாந்தின் பீஸ்டனில் தயாரிப்பு தொடங்கிய அந்த லேத்தில் ஸ்பிண்டில் ஒயிட் மெட்டல் பேரிங்கில் சுழல்கிறது. மேலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் எண்ணெய் பேரிங்கைக் கழுவிக்கொண்டு கீழே வழிந்துவிட வேண்டும் என்பதே அதன் அமைப்பு. அடியில் ஒரு தட்டு வையுங்கள், சொட்டுவது நின்றால்தான் கவலைப்பட வேண்டும். ஸ்பிண்டிலுக்கு 32 எண் ஹைட்ராலிக் எண்ணெயும் பெட்டுக்கு 68 எண் ஸ்லைடுவே எண்ணெயும் பொருந்தும். கிரீஸ் எங்கும் ஊட்டாதீர்கள். ஸ்பிண்டில் முனையில் டயல் கேஜை வைத்து, சக்கில் பிடித்த கம்பியால் மேலே நெம்பும்போது முள் 0.02 மி.மீ.க்குள் அசைந்தால் பேரிங் மூடியின் ஷிம்களைத் தொட வேண்டாம்.

மரைக்கு, ஐ.டி.ஐ. டர்னர் பிரிவில் படித்தவர்கள் தூக்கத்திலும் சொல்லும் சூத்திரம் போதும்: 5 × பிட்ச் × லீட் ஸ்குரூவின் ஓர் அங்குல மரை எண்ணிக்கை ÷ 127. உங்கள் லீட் ஸ்குரூ அங்குலத்துக்கு 8 மரை. ஆக விடை 60க்கு 127, அதாவது ஓட்டும் கியரில் 60 பல், ஓட்டப்படும் கியரில் 127 பல். 127 பல் கியருக்கு இடமில்லையென்றால், 63 பல் கியர் ஒன்றைத் தேடி 63க்கு 80, 30க்கு 50 என்று இரட்டைத் தொடராக மாட்டுங்கள், 300 மி.மீ. நீளத்தில் பிழை 0.04 மி.மீ. அளவே வரும். எந்த வழியில் வெட்டினாலும் மரை முடியும்வரை ஹாஃப் நட்டைத் திறக்கக் கூடாது, மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டித்தான் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். மைஃபோர்டிலும் சக்கு மரையில் ஏறுவதுதான் என்பதால், அந்தத் திருப்பத்தை மெதுவாகச் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் கடைசல் பட்டறையிலிருந்து வந்த பழைய லேத்தின் சக்கு ஸ்பிண்டிலில் இறுகிவிட்டது. பேக் கியரைப் பூட்டி வைத்து நீண்ட குழாயால் திருகலாமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: வேண்டவே வேண்டாம். பயிற்சிக் காலத்தில் நான் செய்தது அதையேதான். சக்கு அசையவில்லை, பெரிய கியரின் ஒரு பல் மட்டும் மெல்லிய ஓசையுடன் தட்டில் வந்து விழுந்தது. உடைந்த பல்லின் அடியில் வரிசையாக மூன்று துளையிட்டு, மரையெடுத்து, ஸ்டட்டுகளைத் திருகி, அவற்றைப் பல்லின் வடிவத்துக்கு அரம் போட்டுச் சரிசெய்ய எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

ஸ்பிண்டிலும் சக்கின் பின்தட்டும் சேரும் இடத்தில் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஒரு இரவு காத்திருங்கள். மறுநாள் பின்தட்டை மட்டும் ஹாட் ஏர் கன்னால் கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமாகச் சூடாக்கி, பேக் கியரை விடுவித்து, பெல்ட்டை இறுக்கமாக வைத்துக்கொண்டு, சக்கில் தடித்த அறுகோணக் கம்பியைப் பிடித்து அதில் நீண்ட ஸ்பானரை மாட்டுங்கள். சக்கின் மேல்பக்கம் உங்களை நோக்கி வரும் திசையில், ஸ்பானரின் முனையை மரச்சுத்தியலால் சட்டென்று ஒரு அடி அடிக்க வேண்டும். அழுத்தித் தள்ளினால் ஸ்பிண்டிலும் கூடவே சுற்றும். சட்டென்ற அடிக்கு அது நகர்வதற்குள் மரை விட்டுக்கொடுக்கும். அதற்குமுன் சக்கின்கீழ் பெட்டின்மேல் ஒரு பலகையைப் போட்டுவிடுங்கள்.