எண்ணூர் மட்டியும் காக்கா ஆழியும்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

பெரம்பூர்ல இருந்து: அண்ணா, மஞ்ச மட்டிய காக்கா ஆழி தின்னுடுச்சாமே, நிஜமா?

தின்னாதுப்பா. காக்கா ஆழிங்கறது தென் அமெரிக்காலேர்ந்து வந்த ஒரு சிப்பி, நம்ம மட்டி மாதிரியே அதுவும் தண்ணிய வடிகட்டி சாப்பிடுற ஜந்துதான். பிரச்சனை என்னன்னா மட்டி சேத்து மணலுக்குள்ள புதைஞ்சு கெடக்கும், மூச்சு விட சாப்பிட ரெண்டு குழாய மட்டும் மேல நீட்டிட்டு இருக்கும், இந்த காக்கா ஆழி நூல் விட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி பாய் விரிச்ச மாதிரி தரை ஃபுல்லா மூடிடுது, அப்றம் கீழ இருக்கறது எப்டி உயிரோட இருக்கும். எறா மேயுற தரையும் அதோட போச்சு. கையால தடவி எறா புடிக்கறவங்க இருக்காங்கல்ல, இருளர் ஜனங்க, அவங்களுக்குதான் மொத அடி.

ராயபுரம்: தென் அமெரிக்கா ஐட்டம் இங்க எப்டி ப்ரோ?

கப்பல்னுதான் பலரும் சொல்றாங்க. சரக்கு இல்லாத கப்பல் ஆடாம இருக்க கடல் தண்ணிய ரொப்பிட்டு வந்து வேற துறைமுகத்துல ஊத்தும், கண்ணுக்கே தெரியாத குஞ்சுங்க அதுல வந்துடும். கேரளால அஷ்டமுடி காயல்லயும் இதே கததான்.

மணலி: மருந்து அடிச்சு கொல்ல முடியாதா சார்?

ஐயோ வேணாம், மட்டியும் சேந்து சாவும். பிடுங்கி எடுக்கறதுதான் வழி, ஆனா பிடுங்கினத கரைக்கு கொண்டு போயிடணும், தண்ணிலயே போட்டா திரும்ப நூல் விட்டு ஒட்டிக்கும்.

வியாசர்பாடி: அப்போ ஆழிய எடுத்துட்டா மட்டி வந்துடுமா?

இங்கதான் எனக்கு கடுப்பு. எல்லாரும் வெளிநாட்டு ஆழியவே திட்டுறாங்க, அது வர்றதுக்கு முன்னாடியே எண்ணூர்ல கடல்ல சேர்ற கொசஸ்தலை ஆறு நல்லாவா இருந்துச்சு? அனல்மின் நிலைய சாம்பல் பைப் ஒடைஞ்சு ஒடைஞ்சு ஆத்துல படிஞ்சுது, சுடுதண்ணி விடுறாங்க, அலையாத்தி நெலத்த மண்ணு கொட்டி மூடுனாங்க, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட ஆயில் வந்து முகத்துவாரம் வரைக்கும் கருப்பாச்சு. மீன்னா நீந்தி ஓடிடும், மட்டி எங்க ஓடும் சொல்லுங்க. சாம்பல அள்ளாம, ஓட்டத்த சரி பண்ணாம ஆழிய மட்டும் எடுத்தா என்னைக் கேட்டா பாதி வேலதான்.

தண்டையார்பேட்டை அக்கா: அங்க கெடைக்கற மட்டிய வாங்கலாமா தம்பி?

நான் வாங்க மாட்டேன்க்கா. வடிகட்டி திங்கறதால தண்ணில இருக்கற ஈயம் காட்மியம் எல்லாம் ஒடம்புல சேத்து வெச்சுக்கும், வேக வெச்சா கிருமி சாவும், உலோகம் போவாது.

மீஞ்சூர்: பழவேற்காடுக்கு பரவுமா?

பக்கிங்காம் கால்வா ரெண்டையும் சேக்குதே, பயம் இருக்கத்தான் செய்யுது. எண்ணூர்ல ஓட்டின படகையோ வலையையோ அங்க கொண்டு போறதா இருந்தா அடிய சுரண்டி, நல்லா வெயில்ல காய வெச்சு எறக்குங்க.