சாமி இல்லாத கோயில்

அன்புள்ள ஐயா,

அக்டோபர் கடைசியில் ஜப்பான் போகிறோம். கியூஷு தீவில் தக்கு என்ற ஊரிலுள்ள கன்ஃபூசியஸ் கோயிலைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். டோக்கியோவிலேயே யுஷிமாவில் ஒன்று இருக்கிறதே, அது போதாதா? சாமியே இல்லாத கோயிலுக்கு இவ்வளவு தூரமா என்கிறார் மனைவி.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

அவர் சொல்வது சரிதான். அங்கே இருப்பவர் சாமியல்ல, பழைய சீனத்து வாத்தியார். யுஷிமா கோயில் 1690இல் எழுந்தது. 1923 நிலநடுக்கத் தீயில் போய்விட்டது. இப்போது நிற்பது 1935இல் கட்டிய கான்கிரீட். தக்குவில் 1708இன் மரக்கட்டடமே நிற்கிறது. அதற்கும் முன்பே, 1699இல், அந்த ஊர்ப் பிரபு தக்கு ஷிகெஃபுமி பள்ளிக்கூடம் திறந்துவிட்டார். சாமுராய் வீட்டுப் பிள்ளைகளோடு மற்றவர்களும் படித்தார்கள். தக்குவின் சிட்டுக்குருவிகூட கன்ஃபூசியஸின் வாசகம் பேசும் என்பது அந்தப் பக்கத்துச் சொலவடை. நம் கம்பன் வீட்டுக் கட்டுத்தறிக்குத் தூரத்து உறவு!

ஆனால் ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் தக்குவை விட்டுவிடுங்கள். ஒகாயாமா பக்கம் ஷிஸுதானி பள்ளிக்குப் போங்கள்; அதன் வளாகத்திலும் ஒரு கன்ஃபூசியஸ் கோயில் உண்டு. குடிமக்களின் பிள்ளைகளுக்காக 1670இல் பிரபு இகேதா மிட்சுமாசா தொடங்கியது. 1701இல் முடிந்த பாடசாலைக் கூடம் இன்று ஜப்பான் அரசு அறிவித்த தேசியச் செல்வம். கூரையில் அந்தப் பகுதியான பிஸென் மண்ணில் சுட்ட செம்பழுப்பு ஓடுகள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தால், மெருகேறிய தரையில் ஜன்னல் வெளிச்சம் தண்ணீர்போலக் கிடக்கும். வளாகத்தைச் சுற்றி 765 மீட்டர் கல்மதில், முதுகு உருண்டு பாம்புபோல ஓடுகிறது. மதிலின் வயிற்றுக்குள் கழுவிய சிறு கற்களை நிரப்பியிருப்பதால் புல் முளைப்பதில்லை. மாணவர் விடுதிக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு மண்மேடு. விடுதியில் தீப்பிடித்தால் கூடத்துக்குத் தாவாமலிருக்க எழுப்பியது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு. கன்ஃபூசியஸ் கோயிலும் மிட்சுமாசாவின் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பள்ளியைத் தொடங்கிய பிரபுவின் கோயில்தான் ஒரு படி தாழ்ந்து நிற்கிறது. நம் ஊரில் கல்வெட்டில் யார் பெயர் பெரிதாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

முன்னால் இரண்டு சீனப் பிஸ்தா மரங்கள். கன்ஃபூசியஸின் கல்லறையிலிருந்து 1915இல் கொண்டுவந்த விதையில் வளர்ந்தவை. இலையுதிர் காலத்தில் ஒன்று சிவக்கும், மற்றொன்று மஞ்சளாகும். நவம்பரில்தான். நீங்கள் போகும்போது இரண்டும் பச்சையாகவே இருக்கலாம்; இரண்டு வாரம் பயணத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.