செயற்கை மூட்டில் கிருமி: ஆன்டிபயாடிக் பற்றிக் கேட்டவர்களுக்கு

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் மாற்றி மூன்று வாரம். தையலில் நீர் கசிகிறது. வீட்டிலிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கலாமா?

வேண்டாம். இன்றே அறுவை செய்த டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையால் கசிவு குறைந்த மாதிரி இருக்கும், உள்ளே கிருமி அப்படியே கிடக்கும், அப்புறம் மூட்டு நீரை ஊசியில் எடுத்து கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) அனுப்பினால் ஒன்றும் வளராமல் போகலாம். என்ன கிருமி என்றே தெரியாமல் மாதக்கணக்கில் எதைக் கொடுப்பது? ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கல்ச்சருக்காகக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குவோம்.

கேள்வி: மருந்திலேயே சரியாகாதா? ஏன் மறுபடி ஆபரேஷன்?

உலோகத்தின் மேல் கிருமிகள் படலம் கட்டி ஒளிந்துகொள்ளும், மருந்து மட்டும் அதை அழிக்காது. சீக்கிரம் வந்தால் மூட்டைத் திறந்து சுரண்டிக் கழுவி, பிளாஸ்டிக் பாகத்தை மட்டும் மாற்றி மூட்டைக் காப்பாற்றப் பார்க்கலாம். நாள்பட்டுவிட்டால் பெரும்பாலும் கழற்றி மாற்ற வேண்டியிருக்கும். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி என்றால் காயம் உலர்ந்தபின் ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக்கையும் சேர்ப்பதுண்டு. தனியாகத் தரவே கூடாது, கிருமி சட்டென்று எதிர்ப்பு பெற்றுவிடும். சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், அதற்குப் பயப்படாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்லுங்கள், அதன் வேலையை இது குறைத்துவிடும்.

கேள்வி: பல் பிடுங்குமுன் ஆன்டிபயாடிக்?

பெரும்பாலோருக்குத் தேவையில்லை.

கேள்வி: ஆன்டிபயாடிக் 6 வாரம் போதும் என்கிறார் ஒருவர், ஊசிதான் சரி, மாத்திரை ஏமாற்று என்கிறார் இன்னொருவர். எது உண்மை?

இருவரும் காலையிலிருந்து மல்லுக்கட்டுகிறீர்கள், இரண்டுமே தவறு. 2021இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 6 வாரம் சாப்பிட்டவர்களில் சுமார் 18 சதவீதம் பேருக்குத் தொற்று தீரவில்லை, 12 வாரக்காரர்களில் 9 சதவீதம்தான். மூட்டைக் கழற்றாமல் கழுவியவர்களிடம் வித்தியாசம் இன்னும் அதிகம். ஊசி விஷயத்தில் 2019இல் வந்த ஒவிவா ஆய்வைப் பாருங்கள்: எலும்பு, மூட்டுத் தொற்றில் முதல் வாரத்துக்குள் மாத்திரைக்கு மாறியவர்களுக்கும் முதல் 6 வாரமும் ஊசி போட்டவர்களுக்கும் ஒரு வருடம் கழித்துப் பலன் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அவரவர் கிருமிக்குக் கேட்கிற மாத்திரையாக இருக்க வேண்டும், அதைச் சொல்வது கல்ச்சர் ரிப்போர்ட். அதனால்தான் முதலில் மூட்டு நீர் பரிசோதனை, பிறகு மருந்து என்று கத்துகிறேன்.

கேள்வி: முழங்கால் மடங்கவில்லை, என்ன பயிற்சி?

பிசியோதெரபிஸ்டைக் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கும் கசிவு, பழைய மாத்திரை 5 இருக்கிறது…

முதல் பதிலைப் படியுங்கள். 5 மாத்திரையும் அப்படியே இருக்கட்டும், அப்பாவைக் கிளப்புங்கள்.