பிக் ப்ளூ மேட்னஸ்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

அக்டோபர் நெருங்கினால் போதும், கென்டக்கி பக்கம் படிக்கப் போன பிள்ளைகளிடமிருந்து எனக்குக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். லெக்சிங்டனில் பதினான்கு வருடம் குப்பை கொட்டியவன், அதில் மூன்று முறை நடைபாதையில் கூடாரம் போட்டுப் படுத்தவன் என்பதுதான் என் தகுதி. கல்லூரிக் கூடைப்பந்தும் அதன் ரசிகர்களும் பற்றி என்றால் தாராளமாகக் கேளுங்கள். இந்த வருடம் கோப்பை யாருக்கு என்று கேட்பவர்கள் ஜோசியரைப் பார்க்கவும்.

அண்ணா, நான் வந்து இரண்டு மாதம் ஆகிறது. வகுப்பில், கேன்டீனில், பஸ்ஸில் எல்லாரும் 'மேட்னஸ், மேட்னஸ்' என்கிறார்கள். யாரோடு மேட்ச்? (புது மாணவர், லெக்சிங்டன்)

யாரோடும் இல்லை தம்பி. அதுதான் இதில் வேடிக்கை. போட்டிகள் நவம்பர் முதல் வாரத்தில்தான் தொடங்கும். அதற்கு முன்பு கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி பயிற்சியைத் தொடங்குவதை ஊரைக் கூட்டிக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். ரப் அரீனாவில் இருபதாயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். விளக்கை அணைப்பார்கள். புகைக்கு நடுவிலிருந்து ஒவ்வொரு ஆட்டக்காரராக வந்து இரண்டு ஆட்டம் போட்டுவிட்டுப் போவார். பெண்கள் அணிக்கும் அன்றைக்கு மேடை உண்டு. கோச் மைக்கைப் பிடித்துப் பேசுவார். கடைசியில் அணி இரண்டாகப் பிரிந்து தங்களுக்குள்ளேயே கொஞ்ச நேரம் ஆடிக் காட்டும். முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

2009-இல் ஜான் வால் என்ற பத்தொன்பது வயதுப் பையன் வந்தான். கையை மடக்கித் தூக்கி, முஷ்டியை இப்படியும் அப்படியும் திருகினான். ஐந்து விநாடி இருக்குமா? அதற்கு 'ஜான் வால் டான்ஸ்' என்றே பெயர் வந்துவிட்டது. நான் குடியிருந்த தெருவில் ஒன்றாம் வகுப்புப் பையன் பள்ளிப் பேருந்தின் படியில் நின்று அதைச் செய்தான். அந்த அணி அப்போது ஒரு போட்டிகூட ஆடியிருக்கவில்லை.

நம்மவர்கள் இதை 'முதல் நாள் முதல் காட்சி' என்பார்கள். தப்பு. இது பாடல் வெளியீட்டு விழா. படத்தை யாரும் பார்க்கவில்லை, ஆனால் மேடையில் ஏறியவர்கள் எல்லாரும் வெள்ளி விழா என்று சத்தியம் செய்கிறார்கள். இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னாலும் சொல்வேன்: அன்றைக்குப் பார்த்ததை வைத்து அணியை எடைபோடாதீர்கள்.

டிக்கெட் எப்படி வாங்குவது? கூடாரம் போட வேண்டும் என்கிறார்களே, நிஜமா? (முதுகலை மாணவி, லெக்சிங்டன்)

நான் இருந்த காலத்தில் நிஜம். டிக்கெட் இலவசம்தான், ஆனால் அதை வாங்க மெமோரியல் கொலிசியத்தின் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். வரிசை புல்வெளியிலும் நடைபாதையிலும் நூற்றுக்கணக்கான கூடாரங்களாக நீளும், எல்லாம் நீலம். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கூடாரம். ஆய்வகம் போகிறவர் போக, எப்போதும் ஒருத்தர் உள்ளே இருப்போம். பக்கத்துக் கூடாரத்தில் கிழக்கு மலைப்பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மடக்கு நாற்காலி, ஒரு பழைய டிரான்சிஸ்டர், சீட்டுக்கட்டு. எங்கள் எலுமிச்சை சாதத்தை ஒரு பிளாஸ்டிக் கரண்டி வாயில் போட்டுவிட்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு, "இதில் கடலை போட வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது?" என்று கேட்டார். மறுநாள் காலை தட்டோடு வந்து நின்றார். ஒரு நாள் ராத்திரி கோச்சும் பையன்களும் பீட்சாப் பெட்டிகளோடு வரிசையைச் சுற்றி வந்தார்கள். ஏழடிக்குப் பக்கத்தில் உயரமுள்ள ஒருவன் குனிந்து கூடாரத்துக்குள் பெட்டியை நீட்டியபோது அந்தப் பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார்.

டிக்கெட் கொடுக்கத் தொடங்கினால் முக்கால் மணி நேரத்தில் மொத்தமும் காலி. அதற்காகத்தான் அத்தனை ராத்திரி.

இப்போதைய ஏற்பாடு என்ன, இலவசமா காசா, ஆளுக்கு எத்தனை என்பதையெல்லாம் பல்கலைக்கழக விளையாட்டுத் துறை ஒவ்வொரு வருடமும் அறிவிக்கும். அங்கே பாருங்கள். ஒன்று மட்டும்: முன்பின் தெரியாதவரிடம் பணம் அனுப்பி டிக்கெட் வாங்காதீர்கள். என் நாலாவது வருடம் சோம்பலில் அப்படி வாங்கினேன். வந்தது ஒரு படம். வாசலில் அந்தப் படம் ஸ்கேன் ஆகவில்லை. இலவச டிக்கெட்டுக்கு நாற்பது டாலர் கொடுத்துவிட்டு வெளியே நின்று உள்ளே கேட்ட சத்தத்தைக் கேட்டவன் நான்.

பாடகர் டிரேக் வந்து பந்து போட்டது உண்மையா? (டல்லாஸ்)

2014 அக்டோபர். கென்டக்கி உடையை மாட்டிக்கொண்டு ஆட்டக்காரர்களோடு வார்ம் அப் வரிசையில் நின்றார். மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து ஒன்று போட்டார். பந்து வளையத்தையும் தொடவில்லை, பலகையையும் தொடவில்லை. அந்த வருட அணி தொடர்ந்து 38 போட்டிகளில் ஜெயித்தது. 39-ஆவது, ஃபைனல் ஃபோர் என்கிற தேசிய அரையிறுதியில் விஸ்கான்சினிடம் 71-64 என்று தோற்றது. டிரேக்கின் திருஷ்டி என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என் மனைவி உட்பட.

சார், டிக்கெட் எங்கே கிடைக்கும்? (சின்சினாட்டி)

இரண்டு கேள்விக்கு மேலே.

ஒரு பயிற்சிக்கு எதற்கு இவ்வளவு செலவு? பல்கலைக்கழகத்துக்கு என்ன லாபம்? (சிகாகோ)

இதுதான் கேள்வி. அந்த இரவு ரசிகனுக்காக நடப்பதுபோல் தெரியும். உண்மையில் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு மூன்று பள்ளிப் பையன்களுக்காக நடக்கிறது. அடுத்த வருடம் எந்தக் கல்லூரிக்குப் போவது என்று முடிவெடுக்காத பதினேழு வயதுப் பிள்ளைகள். கையெழுத்துப் போடாத பையனைப் பற்றிக் கோச் வெளியில் வாய்திறக்கக் கூடாது என்று கல்லூரி விளையாட்டுகளைக் கட்டி ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி, அதனால் மேடையில் யாரும் அவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். தேவையும் இல்லை. அவன் எந்த ஊர், எந்தப் பள்ளி, எத்தனை அங்குலம் என்று கூட்டத்துக்கு மனப்பாடம். அவன் நடந்து வந்து உட்காரும்போதே பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். பக்கத்தில் இருக்கும் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். மகன் அதற்குள் தலையைக் குனிந்து போனைப் பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருப்பான்.

2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-26 பருவத்திலிருந்து கல்லூரியே நேரடியாகப் பணம் கொடுக்கலாம்; எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு முதல் வருட உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். முன்பெல்லாம் அந்தச் சத்தம்தான் சம்பளம். இப்போது சம்பளமே சம்பளம். சத்தத்தின் விலை குறைந்திருக்கிறது என்பது என் கணிப்பு. ஆனாலும் காசு எல்லா இடத்திலும் ஒன்றுதான், இருபதாயிரம் பேர் எல்லா ஊரிலும் கிடையாது.

கென்டக்கி என்ற ஒரு ஊர்தான் இருப்பதுபோல் எழுதுகிறீர்கள். பயிற்சி தொடங்கும் நாளை நள்ளிரவிலேயே கொண்டாடும் இந்த வழக்கத்தைத் தொடங்கியதே எங்கள் மேரிலாண்ட் பல்கலைக்கழகம். 1971. வசதியாக மறைத்துவிட்டீர்கள். (காலேஜ் பார்க்)

மறைக்கவில்லை ஐயா, இதுவரை யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் அக்டோபர் 15-க்கு முன் பயிற்சி தொடங்கக் கூடாது என்பது விதி. எல்லாரும் 15-ஆம் தேதி சாயங்காலம் தொடங்குவார்கள். மேரிலாண்ட் கோச் லெஃப்டி டிரீசல், அப்போது வருடா வருடம் கோப்பை வாங்கிக்கொண்டிருந்த கலிஃபோர்னியா அணி யு.சி.எல்.ஏ.; மேரிலாண்டைக் கிழக்கின் யு.சி.எல்.ஏ. ஆக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர். '15-ஆம் தேதி என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கே 15-தானே' என்று கணக்குப் போட்டார். 12 மணி 3 நிமிடத்துக்குப் பையன்களை மைதானத்து ஓடுபாதையில் ஒன்றரை மைல் ஓடவிட்டார். விளக்கு இல்லை, கார்களை நிறுத்தி முகப்பு விளக்கைப் போட்டார்கள். தூக்கம் வராத மாணவர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மூளையுள்ள மனுஷன். 2024 பிப்ரவரியில் காலமானார்.

ஆனால் அன்றைக்கு அங்கே பந்து இல்லை. பந்து இல்லாத ஓட்டத்தைக் கூடைப்பந்து விழா என்பதா? 'மிட்நைட் மேட்னஸ்' என்று பெயர் சூட்டி, கதவைத் திறந்து, ஊரையே உள்ளே உட்காரவைத்தது 1982-இல் எங்கள் கோச் ஜோ பி. ஹால். மெமோரியல் கொலிசியத்தில் சுமார் 8,500 பேர்.

ஓட்டமும் பயிற்சிதான். விதியில் 'பந்தோடு' என்று எங்கேயும் இல்லை. பெயர் வைத்தவர் பெற்றவர் ஆகிவிடுவாரா? (மறுபடியும் காலேஜ் பார்க்)

சரி, பெற்றவர் உங்கள் ஊர். பெயர் வைத்து, சோறூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, கல்யாணம் பண்ணி வைத்தது எங்கள் ஊர். போதுமா?

1985-இலிருந்து கான்சஸில் 'லேட் நைட்' நடக்கிறது. எங்கள் கோச் லாரி பிரவுன் தொடங்கியது. எங்கள் அரங்கமான ஆலன் ஃபீல்ட்ஹவுஸின் சத்தத்தின் முன்னால் உங்கள் ரப் அரீனா நூலகம். அதைவிட, கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்தே எங்கள் முதல் கோச். (லாரன்ஸ், கான்சஸ்)

வாருங்கள், உங்களைத்தான் காணோம் என்று பார்த்தேன். நெய்ஸ்மித் ஆட்டத்தைக் கண்டுபிடித்தது 1891-இல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில். உங்கள் ஊருக்கு வந்தது 1898-இல். வந்து 55 ஜெயித்து 60 தோற்றார். கான்சஸ் கோச்சுகளில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான்.

'லேட் நைட்' என்ற பெயரே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியிடம் கடன் வாங்கியது. 2019-இல் ஸ்னூப் டாக்கைக் கூட்டிவந்து, கம்பத்தில் ஆடுகிறவர்களும் பொய் நோட்டைத் தூவும் துப்பாக்கியுமாகக் குடும்பத்தோடு வந்தவர்களை நெளியவைத்தீர்கள். விளையாட்டுத் துறைத் தலைவர் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது.

சத்தத்தைப் பற்றி மட்டும் வாதாட மாட்டேன். பதினாறாயிரம் பேர் பழைய கட்டடத்தில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்ததுபோல் இருப்பார்கள். 'ராக் சாக்' கோஷத்தை அவர்கள் மெதுவாக இழுக்கும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. இதை லெக்சிங்டனில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

அப்படியானால் அடால்ஃப் ரப் யார் என்பதையும் சொல்லிவிடுங்களேன். (மறுபடியும் லாரன்ஸ்)

சொல்கிறேன். கென்டக்கிக்கு நான்கு கோப்பை வாங்கிக்கொடுத்தவர், எங்கள் அரங்கத்துக்குப் பெயர் கொடுத்தவர், கான்சஸில் பிறந்து கான்சஸ் அணியில் ஆடியவர். அங்கே அவருடைய கோச் ஃபாக் ஆலன், நெய்ஸ்மித்தின் சீடர். எங்கள் கோயிலில் இருப்பது உங்கள் ஊர்ச் சாமி. ஒப்புக்கொண்டேன். இந்த வழக்கை இத்தோடு மூடுகிறேன், காலேஜ் பார்க் ஐயா உட்பட.

இப்போது ஏன் நள்ளிரவில் நடப்பதில்லை? (ஹூஸ்டன்)

விதி மாறிவிட்டது. 2005-இல் சாயங்காலமே தொடங்கலாம் என்றார்கள். 2013-இலிருந்து முதல் போட்டிக்கு 42 நாள் முன்பிருந்தே பயிற்சி நடத்தலாம். ஆக, நீங்கள் பார்ப்பது முதல் பயிற்சியே இல்லை. வீட்டில் கல்யாணம் முடிந்து, ஊருக்காக வைக்கும் வரவேற்பு.

போன தடவை அந்த ஆட்டத்தில் ஒரு பையன் சரமாரியாகப் போட்டான். அவன்தான் இந்த வருட நட்சத்திரம், இல்லையா? (லூயிவில்)

முதல் பதிலிலேயே சொன்னேன். அன்றைக்கு யாரும் தடுத்து ஆடுவதில்லை. தடுத்தால் கூட்டம் கோபித்துக்கொள்ளும். 2012 அக்டோபரைக் கேளுங்கள். அந்த வசந்தத்தில்தான் கோப்பை வாங்கியிருந்தோம், மேட்னஸில் கூரை பறந்தது. பிப்ரவரியில் எங்கள் ஆட்டக்காரன் நெர்லன்ஸ் நோயலின் முழங்கால் போயிற்று. மார்ச்சில் கோப்பைக்கான பெரிய போட்டிக்கே அழைப்பு இல்லை, அதில் இடம் கிடைக்காதவர்கள் ஆடும் என்.ஐ.டி. போட்டிக்குப் போனோம். ரப் அரீனா வேறு போட்டிக்குக் கொடுக்கப்பட்டிருந்ததால் ராபர்ட் மோரிஸ் என்ற சின்னக் கல்லூரியின் ஜிம்முக்குப் போய் ஆடி, 59-57 என்று தோற்றுத் திரும்பினோம்.

ரிக் பிடினோ வந்தபோது கை தட்டியது சரியா? (லெக்சிங்டன்)

எங்கள் கோச்சாக 1996-இல் கோப்பை கொடுத்தவர், பிறகு எதிரி லூயிவிலில் பதினாறு வருடம் கோச். 2024-இல் அவரிடம் ஆடிய மார்க் போப்பே கோச்சாக வந்து, தன் முதல் மேட்னஸுக்கு அவரைக் கூட்டிவந்தார். கோபித்துக்கொண்டு போன சித்தப்பா கல்யாணத்துக்கு வந்தால் பந்தலில் வைத்தா கணக்குக் கேட்பது? நானும் தட்டினேன், டிவி முன்னால்.

எஃப்-1 விசாவில் அன்றைக்கு அரங்கத்தில் வேலை செய்யலாமா?

பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். என்னிடம் கேட்காதீர்கள்.

சிவப்புச் சட்டை போடலாமா?

லூயிவிலுக்குப் போவதென்றால்.

டிக்கெட்...

மேலே. மேலே. மேலே.

ஐயா, வணக்கம். என் மகன் லெக்சிங்டனில் படிக்கிறான். பந்து விளையாட்டுக்கு டிக்கெட் வாங்க ரோட்டோரம் கூடாரம் போட்டுப் படுக்கப்போவதாகச் சொல்கிறான். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. (ஒரு அம்மா, திருநெல்வேலி)

வணக்கம் அம்மா. அது பல்கலைக்கழகத்து இடம்தான். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் இருப்பார்கள், குழந்தைகள்கூட. நான் மூன்று தடவை படுத்தேன், ஒரு செருப்புகூடத் தொலையவில்லை. பயம் பனிக்குத்தான். விடிகாலையில் கூடாரத் துணியின் உட்பக்கம் முத்து முத்தாகக் கோத்து நிற்கும், கை பட்டால் பொலபொலவென்று முகத்தில் கொட்டும். ஊரிலிருந்து போர்வை அனுப்பாதீர்கள், தபால் செலவுக்கு அங்கே இரண்டு வாங்கலாம். மறுநாள் வகுப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், எலுமிச்சை சாதம் கட்டினால் நாலு பேருக்குக் கூடுதலாகக் கட்டச் சொல்லுங்கள். கடலை தூக்கலாக.